ஏசிக்குப் போர்த்திவிடும் மனிதர்

எங்கள் வீட்டில் கார்த்திகை தீபம் ஏற்றிய மறுநாள் ஏசியைத் தூங்கவைப்பது வழக்கம். மறுபடி எழுப்ப மாசி பிறக்க வேண்டும். இடையில் யாரும் தொடக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

ரங்கூன் குளிர் என்ன இமயமலைக் குளிரா? விடியற்காலையில் கொஞ்சம் பனி, மத்தியானம் வந்தால் மண்டையைப் பிளக்கும் வெயில். அந்தக் காலைப் பனிக்கே இந்த மனிதர் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, இடுப்பில் கட்டும் லோஞ்சிக் கைலிக்குள்ளே முழுக்கால் பேண்ட்டும் மாட்டிக்கொண்டுதான் டீக்கடைக்கு இறங்குவார். தனக்குக் குளிர்கிறதென்றால் ஏசிக்கும் குளிரும் என்பது அவர் முடிவு. "அதுவும் உசுரக் குடுத்து உழைச்ச மிஷின்தானே" என்பார். இத்தனை வருஷமாக உழைக்கிற என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சரி, அது வேறு கதை.

பபேடான் கடைத்தெருவில் எங்களுக்குக் கடை. பிளாஸ்டிக் தாள், தார்ப்பாய், நைலான் கயிறு, இதுதான் வியாபாரம். மழைக்காலத்தில் கூட்டம் அலைமோதும். குளிர்காலத்தில் ஈ ஓட்டுவோம். விற்காத சரக்கும் சும்மா இருக்காத கையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும்? எங்கள் ஏசி பார்சலாகும். உள்ளே சுவரில் இருக்கும் பெட்டிக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை. பால்கனியில் இருக்கும் வெளிப்பெட்டிக்கு இரண்டு மடிப்புத் தார்ப்பாய், அதன்மேல் கயிறு, கயிற்றின்மேல் முடிச்சு, முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சு. மாண்டலேக்கு லாரியில் ஏற்றி அனுப்பலாம், ஒரு கீறல் விழாது. ரிமோட்டில் இருக்கும் பேட்டரியையும் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிடுவார். சும்மா கிடந்தால் கசிந்துவிடுமாம்.

இத்தனை வருஷமும் எனக்கு இதெல்லாம் வேடிக்கைதான். இந்த வருஷம்தான் வயிற்றெரிச்சலானது. வயிறு மட்டுமா, உடம்பே எரிந்தது.

எனக்கு மாதவிலக்கு நிற்கிற வயசு. திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் ஒரு சூடு கிளம்பும். கழுத்து, முகம், காது எல்லாம் தீயாகும். ரவிக்கை தொப்பலாக நனையும். டாக்டரம்மா, "எல்லாருக்கும் வர்றதுதான், கொஞ்ச நாள்ல போயிடும்" என்றார். போகிறவரைக்கும் நான் எங்கே போய் நிற்பது? குளிர்ச்சிக்கு இங்கே எல்லாரும் பூசும் தனாக்காக் கட்டையை அரைத்து அரைத்துக் கழுத்து முழுக்கப் பூசினேன். ஈரத்துணி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என்னவென்று சொல்வது? இந்த மாதிரி விஷயத்தை நாங்கள் பேசிப் பழகியவர்கள் இல்லை. அதோடு, அவர் காதில் விழுந்தது அவருடைய அக்கா காதில் விழும். என் நாத்தனார் காதில் விழுந்தது அவள் இருக்கிற மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ஆரம்பித்துச் சாயங்காலக் கோயில் பூசைக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். "கிழவியாயிட்டியா? நான்லாம் அதை ஒரு பொருட்டாவே நெனச்சதில்ல" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யாருக்கும் காரணம் சொல்லாமல் கொஞ்ச நேரம் குளிர்ந்த காற்று.

ஒரு நாள் காலை. அவர் கடை திறக்கப் போய்விட்டார். சூடு கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் "மீ வந்துருச்சு!" என்று சத்தம். இங்கே நாங்கள் கரண்டை மீ என்றுதான் சொல்வோம். முறை வைத்து வருகிற கரண்ட், வந்தால் தெருவே கத்தும். நான் நாற்காலியில் ஏறிப் பூப்போட்ட உறையை உருவினேன். கடிகாரத்திலிருந்து பேட்டரியைப் பிடுங்கி ரிமோட்டில் போட்டேன். அமுக்கினேன்.

அடடா! அந்த முதல் காற்று முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அழுதுவிட்டேன்.

பால்கனிப் பக்கம் வெளிப்பெட்டி என்று ஒருத்தி பார்சலுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காற்று வெதுவெதுவென்று ஆனது. பிளாஸ்டிக் பொசுங்குகிற நாற்றம். பிறகு டப்பென்று எல்லாம் நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் தார்ப்பாய் ஒரு பக்கம் இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டேன், கை சுட்டது. அவ்வளவுதான், தொலைந்தது என்று நினைத்தேன். இப்போது விற்கிற விலைக்கு இன்னொன்று வாங்குவது கனவிலும் நடக்காது. அதைவிடப் பெரிய பயம், ஏன் போட்டாய் என்று கேட்பாரே!

உறையை மாட்டினேன். ஜன்னலைத் திறந்துவைத்தேன். கருவாடு வறுத்தேன், நாற்றத்தை அமுக்க. மத்தியானம் சாப்பிட வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். அப்புறம் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பேட்டரியைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன், பாருங்கள் என் சாமர்த்தியத்தை.

"ஏசி போட்டியா?"

"ஆமா."

"இந்தக் குளிர்லயா? ஏன்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எரியுதுங்க! ஒடம்பெல்லாம் எரியுது! ராவுல நீங்க போத்திக்கிட்டுக் குறட்டை விடுறீங்க, நான் தரையில உருண்டுக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு நிக்கிற வயசுங்க. மிஷினுக்குக் குளிருமேன்னு பாக்குறீங்களே, எனக்கு என்னன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் சோற்றைத் தொடவில்லை. பால்கனிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. கடைசியில் கத்தி கேட்டார், கொடுத்தேன். உள்ளே ஈரம் கோத்து அடித்தட்டு துருப்பிடித்திருந்தது. ஒரு கரப்பான் குடும்பமே ஓடியது. இத்தனை வருஷமும் காப்பாற்றிய லட்சணம் இதுதான்.

மெக்கானிக் வந்து பார்த்து, நல்லவேளை தானாக நின்றதால் பிழைத்தது என்றார். மூடுவதென்றால் மேல்பக்கம் மட்டும் மூடணும், பக்கமெல்லாம் காற்றுப் போகணும், போடுவதற்கு முன்னால் எடுத்துடணும், குளிர்காலத்திலும் அவ்வப்போது கொஞ்சம் ஓடவிடணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளே என் வீட்டுக்காரர் இதையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி தெருவுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் அன்று நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டது காதில் ஏறியதா இல்லையா என்றே தெரியாமல் தவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மீ வந்ததும் அவரே எழுந்து ஏசியைப் போட்டுவிட்டு, ஸ்வெட்டரோடு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தார். அப்போதா என் நாத்தனார் வரவேண்டும்! சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன தம்பி, மார்கழி மாசத்துல ஏசியா? யாருக்கு இங்க வெந்துக்கிட்டு இருக்கு?"

கேட்டது அவரை. பார்த்தது என்னை.

"எனக்குத்தான்க்கா" என்றார் அவர். "ராவும் பகலும் ஒரே வேக்காடு. அவ பாவம், எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கா."

"அப்ப ஸ்வெட்டர் எதுக்கு?"

"வேர்வையை உறிஞ்சத்தான்" என்றார், தாடை கிடுகிடுவென்று நடுங்க.