பெரிய கறி, கால் கிலோ

தம்பி கொரியாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பன்னிரண்டு நாட்களாக அவனிடமிருந்து அழைப்பு இல்லை. கைபேசி அணைந்திருந்தது. நாங்கள் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. அவனை அனுப்பிவைத்த சென்னை ஏஜென்சியில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "விசாரிச்சுச் சொல்றோம்" என்றார்கள்.

பதின்மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பி மனைவிக்குச் சொந்த ஊர் கன்னிவாடி. நாகல் நகர் வீட்டில் இப்போது அவளும் நானும்தான். காலையில் அடுப்படியைத் துடைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"மதினி, இன்னைக்கு அந்த நூடுல்ஸச் செஞ்சுருவோம். ஞாயித்துக்கிழமைதான செய்யச் சொன்னாக. செய்யாம விட்டா, என்னமோ ஆகிப்போச்சுன்னு நாமளே முடிவு பண்ணுன மாதிரில்ல இருக்கும்."

லீவில் ஊருக்கு வந்த ஒருவர் மூலம் தம்பி நூடுல்ஸ் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டிருந்தான். செய்முறையை ஒன்பது குரல் பதிவுகளாக அவளுக்கு அனுப்பியிருந்தான். மறுநாள், வாங்க வேண்டிய பொருட்களைத் தட்டச்சு செய்து அனுப்பினான். அதுதான் கடைசிச் செய்தி.

அந்தப் பட்டியல்தான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கேரட், வெங்காயம், குடமிளகாய், பசலைக்கீரை, காளான், பூண்டு, சோயா சாஸ், எள். கடைசி வரி, பெரிய கறி கால் கிலோ. மாட்டிறைச்சியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

கறிக்கு வல்லின ற. தம்பி அதை ஒருநாளும் சரியாக எழுதியதில்லை. அவனுக்கு இறைச்சியும் கரி, அடுப்பில் போடுவதும் கரி. நான் செய்தித்தாளில் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவள். "கரி எடுத்து வை" என்று ஒருமுறை அவன் அனுப்பிய செய்திக்கு, ஒரு பை அடுப்புக்கரியை வாங்கி வாசலில் வைத்தேன். சிரித்தான், திருந்தவில்லை. இந்தப் பட்டியலில் ஒரு பிழைகூட இல்லை. அவன் எண்ணிலிருந்து வந்திருந்தது. ஆனால் அவன் எழுதியது இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இறைச்சி வாங்க பேகம்பூருக்குப் புறப்பட்டபோது என் பைக்குள் ஒரு கரித்துண்டைப் போட்டாள். கறியை வெறுமனே எடுத்து வந்தால் அந்த வாடைக்கு ஏதாவது கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வீட்டில் கேஸ் அடுப்புதான். தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"இதையெல்லாம் நம்புறியா?"

"நம்பல மதினி. இன்னைக்கு மட்டும் கெடக்கட்டும்."

நண்பகலில் அடுப்பைப் பற்றவைத்தோம். கைபேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துவைத்து முதல் பதிவை ஓடவிட்டாள்.

"ஏ புள்ள, தண்ணி நல்லாக் கொதிக்கட்டும். அவசரப்படாத."

தெளிவான குரல். பின்னால் ஏதோ இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த நூடுல்ஸ். பொட்டலத்தில் சாம்பல் நிறக் கம்பிகளாக இருந்தவை வெந்ததும் நிறத்தை இழந்தன. வடிதட்டில் கொட்டிப் பச்சைத் தண்ணீரில் அலசினாள். இழைகளின் ஊடே அவள் விரல்கள் தெரிந்தன. குழாயை மூடிய பிறகும் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துகொண்டிருந்தன. ஈரமும் எடையும் சேர்ந்தால் அப்படித்தான் நகரும். அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாவது பதிவு. "வெங்காயத்த நீளவாக்குல வெட்டு. அக்கா பின்னாடி நின்னுக்கிட்டு, கனமா இருக்குன்னு சொல்லும் பாரு."

நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இது பழசுதான மதினி?"

"பழசுதான்."

சோயா சாஸிலும் சர்க்கரையிலும் பூண்டிலும் ஊறிய கறியை வாணலியில் போட்டாள். எங்கள் வீட்டில் பெரிய கறி வேகுவது அதுதான் முதல்முறை. வாடை சுவருக்கு அப்பால் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"என்னடி, வாசம் தூக்குது? ஆளு வந்துட்டாரா?"

"எந்த ஆளுக்கா?"

"ஒன் வீட்டுக்காரருதான். எப்ப வந்தாரு? பேச்சுச் சத்தம் கேக்குதே."

"போனுக்கா" என்றாள் இவள். அதன்பின் சத்தத்தைக் குறைத்துவைத்தாள்.

எட்டாவது பதிவு. "எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டு. கரண்டி வேணாம் புள்ள. கையாலதான் பெசையணும். அப்பத்தான் எண்ணெய் எல்லாத்துலயும் ஏறும்."

அவள் இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தபோது என் கைபேசி ஒலித்தது. வெளிநாட்டு எண்.

"அக்கா, நான் தம்பிகூட ரூம்ல இருக்கேன். வத்தலக்குண்டுதான் எனக்கு."

"இருக்கானா?" என்று கேட்டேன்.

"இருக்கான்க்கா. மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. ஆப்பரேசன், அப்புறம் காய்ச்சல். வீட்டுல சொல்லக் கூடாதுன்னு போன அணைச்சு வச்சுட்டான். அதுக்கு முன்னாடி அனுப்புன அந்த லிஸ்ட்டக்கூட, கை கட்டோட படுத்துக்கிட்டு அவன் சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணேன். இருங்க, அவன்ட்டக் குடுக்குறேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா" என்றான். குரல் நூலாக இருந்தது.

அதற்குள் அவள் கைபேசியில் எட்டு முடிந்து ஒன்பது தானாகவே தொடங்கிவிட்டது. எண்ணெய்க் கையால் அவளால் அதை நிறுத்த முடியவில்லை. "கடைசியா எள்ளத் தூவு. அம்புட்டுதான், ஜோலி முடிஞ்சது" என்றது டப்பாவில் சாய்ந்திருந்த குரல். "அவள அழ வேணாம்னு சொல்லுக்கா" என்றது என் கையில் இருந்த குரல். ஒரே ஆள் அடுப்படியின் இரண்டு மூலையிலிருந்து பேசினான். இரண்டில் பழைய குரல்தான் நலமாக இருந்தது.

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கைபேசியைப் பிடுங்கினாள்.

"வீடியோ போடுங்க."

"நெட்டு சரியில்ல புள்ள."

"போடுங்கன்றேன்ல."

படம் வந்தது. தாடி வளர்ந்த முகம், பின்னால் பச்சைத் திரை.

"கையக் காட்டுங்க."

சற்று நேரம் முகம் மட்டுமே இருந்தது. பிறகு கீழிருந்து வெள்ளைக் கட்டு மெதுவாக ஏறி வந்தது. கட்டுக்கு வெளியே விரல் நுனிகள். அவள் உதடுகள் அசைந்தன. "சரி, அப்புறம் கூப்புடுறேன்" என்று அவன் துண்டித்துவிட்டான்.

அவள் அணைந்த திரையையே பார்த்தாள்.

"மூணு வெரல் தெரிஞ்சுச்சு மதினி. மத்த ரெண்டும் கட்டுக்குள்ளதான இருக்கும்?"

கட்டு ஒரு பக்கம் ஒடுங்கி இருந்ததை நான் கவனித்திருந்தேன்.

"உள்ளதான் இருக்கும்" என்றேன்.