பெயர் வெட்டிய தட்டு

என் அத்தை கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் படிப்பவர்கள் அவரை ராட்சசியாக்கிவிட்டு நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்குக் கிடைக்காத நிம்மதி உங்களுக்கு மட்டும் எதற்கு?

அப்பா போர்வெல் லாரி ஓட்டியவர். எய்ட்ஸ் வந்து செத்தார். இரண்டு வருடத்தில் அதே நோயில் அம்மாவும் போனாள். அப்போது எனக்கு எட்டு வயது. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போட்டுக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "மஞ்சக் காமாலைங்க" என்றார். ஊர் தலையாட்டியது, ஒருவரும் நம்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாமா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதார். வீட்டுக்கு வந்ததும் அத்தை அதை வாங்கிப் படித்து, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகினார். அப்புறம் எனக்குத் தனித் தட்டில் சோறு போட்டார்.

விளிம்பு நெளிந்த தட்டு. கூட ஒரு டம்ளர். நானே கழுவிப் பின்வாசல் ஜன்னலில் கவிழ்த்து வைக்க வேண்டும். வயிறு நிறையத்தான் போடுவார். கறி எடுத்த நாளில் எனக்கு ஒரு துண்டு கூடவே விழும். எனக்கு அந்தத் துண்டு வேண்டாம், அவர் மகள் தின்கிற மாதிரி ஒரு தட்டுதான் வேண்டியிருந்தது.

மாதம் ஒருமுறை தருமபுரியில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குக் கூட்டம் நடக்கும். மனசு விட்டுப் பேசச் சொல்வார்கள். வட்டமாக உட்கார்ந்து ஊமையாக இருந்துவிட்டு, கை கழுவும் குழாயடியில் பேசிக்கொள்வோம். எல்லோர் வீட்டிலும் ஒரு தட்டு இருந்தது. பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் தப்பித்திருந்தாள்.

"நான் பெரிய மனுசி ஆனப்ப அந்தத் தட்டத் தூக்கிப் போட்டுட்டாங்க. இப்ப எல்லார் தட்டுலயும்தான் திங்கறேன்" என்றாள்.

நம்பத் தகுந்ததாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் வாசலில் பச்சை ஓலைக் குடிசை கட்டி உட்கார வைப்பார்கள். தனிப் பாய், தனித் தட்டு. கடைசி நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் குடிசையைப் பிரித்து எரித்துவிடுவார்கள். அந்தத் தட்டு மறுபடி வீட்டுக்குள் வராது. மாமா மகளுக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஒன்பது நாள் தனித் தட்டில் தின்றதற்கே "ஜெயில்ல போட்டாப்பல இருக்குது" என்று அழுதாள். அவளை அறையலாம் போல் இருந்தது.

வயதுக்கு வர என்னைப் போல் எந்தப் பெண்ணும் காத்திருந்திருக்க மாட்டாள். பதின்மூன்றில் வந்தேன். மாமா குறை வைக்கவில்லை. தாய்மாமன் முறைக்குத் தென்னை ஓலை வெட்டிவந்து தன் கையாலேயே குடிசை கட்டினார். உள்ளே வந்தது அதே நெளிந்த தட்டுதான். ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றிப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டார்கள். அத்தை அந்தத் தட்டை எடுத்து, எரிகிற ஓலைப் பக்கம் வீசினார். ணங்கென்று விழுந்தது. அவ்வளவு நல்ல மேளச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அன்று விருந்து, எல்லோருக்கும் வாழை இலை. மறுநாள் காலை இட்லிக்கு உட்காரும் முன், அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுக்க நானே கை நீட்டினேன்.

"இரு கண்ணு" என்றார் அத்தை. பீரோவைத் திறந்து பாத்திரக் கடைப் பையிலிருந்து புதுத் தட்டு ஒன்றை எடுத்தார். கனமான எவர்சில்வர். விளிம்பில் புள்ளி புள்ளியாக என் பெயர்.

"உனக்குன்னே வாங்கியாந்தேன். பேரு போட்டிருக்குது பாரு, இனிமே மாறிக்கீறிப் போவாது."

அவர் முகத்தில் அத்தனை ஆசை. மாமா தன் இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓலை பின்னத் தெரிந்த மனிதருக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. அத்தையை விட அவர்மேல்தான் எனக்கு இன்றும் கோபம்.

"நல்லாருக்குதுங்க அத்தை" என்றேன்.

இப்போது ஓசூரில் வேலை. ஹாஸ்டலில் கைக்கு வந்த தட்டை எடுத்துக்கொள்கிறேன், ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. ஆனாலும் எடுக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அந்தப் புதுத் தட்டு வந்த அடுத்த மாதம், தருமபுரிக் கூட்டத்தில் பென்னாகரத்துப் பெண் குழாயடியில் கேட்டாள்: "தட்டத் தூக்கிப் போட்டாங்களா?"

"போட்டுட்டாங்க. இப்ப எல்லார் தட்டுலயும்தான் திங்கறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"உனக்கு முழுப் பேரும் வெட்டுனாங்களா? எனக்கு வெறும் இனிசியல்தான்."