அண்ணன் பாதியில் விட்ட ஆட்டங்கள்

மைதிலி பழிவாங்க முடிவெடுத்தது ஒரு காணும் பொங்கலன்று, கையில் பாதி வடையோடு.

அவள் அண்ணன் ஸ்ரீநாத் கல்யாணமானதும் வானகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு போனவன். புதிதாக ஒரு கேம் மெஷின் வாங்கியதால் பழையதை அட்டைப்பெட்டியில் போட்டு, அம்மாவும் தங்கையும் இருக்கும் முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு அன்று கொண்டுவந்தான். கூடவே ஆபீஸ் நண்பன் ராகேஷ் வந்திருந்தான்.

"இதுல ஏகப்பட்ட கேம் இருக்கு. ஒண்ணுகூட முடிக்கல. நேரம் எங்க கிடைக்குது? ஒருநாள் உக்காந்து எல்லாத்தையும் முடிக்கணும். அதுவரைக்கும் நீ வெச்சுக்க. என் ஐடியிலயே ஆடு, தனியா எதுக்கு" என்றான் ஸ்ரீநாத்.

"உன் தங்கச்சியே முடிச்சிடட்டுமே மச்சான்" என்றான் ராகேஷ்.

ஸ்ரீநாத் சிரித்தான். "இவளா? சின்ன வயசுல கடைசி ஸ்டேஜ் வந்தா போதும், கை நடுங்கும். அழுதுகினே என்கிட்ட குடுத்துடுவா. நான்தான் முடிச்சுக் குடுப்பேன். இவ ஒரு கேம்கூட முடிச்சதில்ல."

அம்மா சாமுண்டீஸ்வரியும் சிரித்தாள். அண்ணன் சிரித்ததைவிட அதுதான் மைதிலிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் உண்மை அம்மாவுக்குத் தெரியும்.

அப்போது அப்பா உயிரோடு இருந்தார், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டில் ஒரு பழைய டிவி கேம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்ரீநாத் கிரிக்கெட் ஆடக் கிளம்பிவிடுவான். மைதிலிதான் உட்கார்ந்து ஆடுவாள். சாவி தேடுவாள், காசு சேர்ப்பாள், எந்தச் சுவருக்குப் பின்னால் வழி இருக்கிறது என்று முட்டி முட்டிப் பார்ப்பாள். பல நாள் உழைத்துக் கடைசி அரக்கன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். அந்த நேரம் பார்த்து அம்மா, "மைதிலி, விளக்கேத்து" என்பாள். பெண்பிள்ளைதான் ஏற்ற வேண்டும். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு முகம் கழுவி, திரி போட்டு, விளக்கேற்றிவிட்டு வருவதற்குள் வியர்வையோடு உள்ளே வந்த ஸ்ரீநாத் அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பான். அரக்கன் செத்திருப்பான். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

"முடிச்சுட்டேன். ராஜா செத்துடறான், இளவரசி ஊரை விட்டுப் போயிடறா" என்று முடிவையும் சொல்லிவிடுவான்.

அவள் அழுதது அதற்குத்தான். பயந்து அழவில்லை.

அந்தக் கையும் நடுங்கவில்லை. இப்போது அதே கையால் அம்பத்தூர் எஸ்டேட் பேக்டரி ஒன்றில் பம்பு உதிரிப் பாகங்களை அளந்து, சரியில்லாததை ஒதுக்குகிறாள். அண்ணன் படித்த கல்லூரியில்தான் அவளும் இன்ஜினியரிங் படித்தாள். அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி கிடைத்தது, அவளுக்கு எஸ்டேட். பெண் பார்க்க வந்தவர்கள் அவளை விட்டுவிட்டு அண்ணனின் சம்பளத்தையும் வானகரம் வீட்டையும் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். வீட்டில் கேஸ் இணைப்பு அவன் பெயரில், கரண்டு பில் அவன் பெயரில், டிவியில் படம் பார்க்கும் கணக்கும் அவன் பெயரில். ஏதாவது பதிவு செய்தால் ஓடிபி அவன் போனுக்குப் போகும். அவள் போன் செய்து, "அண்ணா, அந்த நம்பர் சொல்லு" என்று கேட்க வேண்டும்.

அன்றைக்கு அந்த வடையை விழுங்கும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். 'ஒருநாள் உக்காந்து முடிக்கணும்' என்று அவன் ஊறுகாய்போல் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அத்தனை ஆட்டங்களையும் முடித்துவிட வேண்டும். அவனுக்கென்று ஒரு முடிவுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

அவள் கம்பெனிக்கு வார விடுமுறை புதன்கிழமை. அம்மா கோயிலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன பகல் நேரத்தில், ஜன்னலுக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டிவிட்டு, அவன் விட்ட ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். திறக்கத் திறக்க அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது.

எதுவுமே கடைசிக் கட்டத்தில் நிற்கவில்லை. எல்லாம் நடுவில் கிடந்தன. ஆரம்பத்தில் வெட்டு, குத்து, ஓட்டம் எல்லாம் ஜோராக இருக்கும். பிறகு ஊர் ஊராக நடக்க வேண்டும், யாரிடமோ பேச வேண்டும், மூலிகை பறிக்க வேண்டும், பூட்டிய கதவுக்குச் சாவி தேட வேண்டும். சரியாக அந்த இடத்தில் ஒவ்வொன்றையும் போட்டுவிட்டுப் போயிருந்தான். நேரம் இல்லை என்பதெல்லாம் சும்மா. நடுவில் இருக்கும் வேலையைச் செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆள் முத்தாபுதுப்பேட்டையில் இருந்தாள்.

இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. ஆனால் நன்றாக இருந்தது.

புதன்கிழமைகள் போதாமல் ராத்திரியும் ஆடினாள். கார் ஆட்டத்தை முடித்தாள். பேய் பங்களாவை முடித்தாள். விண்வெளியில் தனியாக மாட்டிக்கொண்டவனைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் திரையின் மூலையில் ஒரு கோப்பை எழும்பி மின்னும். மறுநாள் ஷேர் ஆட்டோவிலும் ரயிலிலும் அந்தக் கோப்பையை நினைத்துச் சிரித்துக்கொண்டே போவாள்.

"இன்னாடி தனியா சிரிச்சுக்கினு கீற, மாப்ள எதுனா செட் ஆயிடுச்சா?" என்று கேட்டாள் அவளோடு வேலை பார்க்கும் நிஷா.

மைதிலி விஷயத்தைச் சொன்னாள். நிஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

"லூசு. யாரு ஐடில ஆடற நீ?"

"அண்ணன் ஐடிலதான். ஏன்?"

"அப்ப அந்தக் கப்பு எல்லாம் யாரு பேர்ல ஏறும்? அவனுக்குத்தாண்டி போய்க்கினு கீது. நீ இங்க மாவு அரைச்சா அவன் அங்க தோசை துன்றான்."

மைதிலிக்குக் காது சூடாகிவிட்டது. கேஸ், கரண்டு, டிவி என்று எல்லாவற்றுக்கும் அண்ணன் பெயரே பழகிப்போன வீட்டில், இதற்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் முடிவுகளைத் திருடுவதாக நினைத்துக்கொண்டு, அவனுக்கே கோப்பை சுமந்து கொடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஸ்ரீநாத்தே போன் செய்தான். குரலில் தேன்.

"மைதி, பின்றியே. என் பேர்ல ஏறற கப்பைப் பார்த்து ஆபீஸ்ல எல்லாரும் மிரண்டு கெடக்கறானுங்க. எப்படா ஆடற, எப்படா தூங்கறன்னு கேக்கறானுங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்த சொல்ல, சிரிச்சு வெச்சேன். சரி கேளு. அந்தக் கோட்டை கேம் ஒண்ணு இருக்குல்ல, அதை இங்க ஒருத்தன்கூட முடிக்கல. நீ அதைக் கடைசி சண்டை வரைக்கும் கொண்டாந்து வெச்சிடு. ஞாயித்துக்கிழமை ராகேஷையும் பசங்களையும் கூட்டிக்கினு வரேன். அவனுங்க முன்னாடி நான் முடிக்கறேன். அம்மாவ பஜ்ஜி போடச் சொல்லு."

"சரிண்ணா" என்றாள் மைதிலி.

அவள் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது அவனுக்கு நியாயமாகச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

கோட்டை ஆட்டம் மற்றவற்றைப்போல இல்லை. கொல்லன் மகள் ஒருத்தி, தன் ஊரைக் கொளுத்திய தளபதியைத் தேடி மலைக்கோட்டைக்குப் போகிறாள். மைதிலிக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. வேலைவிட்டு வந்ததும் ஆடினாள், சோறு பிசைந்துகொண்டே ஆடினாள். காடு, சந்தை, படகுத்துறை எல்லாம் தாண்டிக் கோட்டைக்கு எதிரே இருந்த தொங்கு பாலத்துக்கு வந்து சேர்ந்தாள். பாலத்தைத் தாண்டினால் அது அறுந்து விழுந்துவிடும். திரும்பி வர வழியில்லை. ஆட்டம் தானாகவே சேவ் ஆகிவிடும், பழைய சேவ் அழிந்துபோகும்.

இந்தப் பக்கம் நின்றபோது கொல்லன் மகளிடம் நல்ல வாள் இருந்தது, பை நிறைய மருந்து இருந்தது. அப்படியே போனால் மைதிலி ஜெயித்துவிடுவாள். தளபதி என்ன ஆவான், கொல்லன் மகள் எங்கே போவாள் என்று பார்த்துவிடலாம்.

"முடிச்சுப் பார்த்துடேண்டி, அவ்ளோ ஆசை கீதுல்ல. அவன் வந்து காலி டப்பாவ பார்க்கட்டும்" என்றாள் நிஷா.

"முடிச்சா கப்பு அவன் பேர்ல. 'நேத்தே முடிச்சுட்டேன்'னு சொல்லிப் பஜ்ஜி தின்னுட்டுப் போயிடுவான்."

அதனால் அவள் சந்தைக்குத் திரும்பினாள். வாளை அடிமாட்டு விலைக்கு விற்றாள். வந்த காசை ஆற்றங்கரைச் சூதாட்டக்காரனிடம் வேண்டுமென்றே தோற்றாள். மருந்துகளைக் காயமே இல்லாத உடம்புக்கு ஒவ்வொன்றாகக் குடிக்க வைத்தாள். அம்புகளை எல்லாம் வானத்தைப் பார்த்து எய்தாள். கொல்லன் மகளிடம் கடைசியில் மிஞ்சியது, முதல் ஊரில் கிடைத்த காய் நறுக்கும் கத்தி மட்டும். அவளை அந்தக் கோலத்திலேயே பாலத்தின்மேல் மெதுவாக நடக்கவிட்டாள். பாலம் அறுந்து விழுந்தது. சேவ் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைக்கு நிஷாவோடு லீவை மாற்றிக்கொண்டாள்.

ராகேஷும் இன்னும் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஸ்ரீநாத் நடுவில் சம்மணம் போட்டு, விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டான். மைதிலி சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். அங்கிருந்து திரையும் தெரிந்தது, அண்ணன் முகமும் தெரிந்தது.

தளபதி ஒரே வீச்சில் கொல்லன் மகளைச் சாய்த்தான்.

"வார்ம் அப்" என்றான் ஸ்ரீநாத்.

மறுபடியும் சாய்த்தான். அதற்குப் பிறகும். முதல் தட்டுப் பஜ்ஜி காலியாகி இரண்டாவது வந்தபோதும் தளபதிமேல் ஒரு கீறல் விழவில்லை.

"மருந்து குடி மச்சான், பையைத் தொற" என்றான் ராகேஷ்.

ஸ்ரீநாத் பையைத் திறந்தான். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தான். மைதிலி அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். 'இவள்தான் காலி செய்தாள்' என்று அவன் சொல்லலாம். சொன்னால், இதுவரை ஆடியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"வேணும்னேதான் எதுவும் எடுத்துக்கினு வரல. இப்படி முடிச்சாத்தான் கெத்து" என்றான் ஸ்ரீநாத்.

இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வான் என்று மைதிலி எதிர்பார்க்கவில்லை. தோற்றுக்கொண்டே கெத்தாக இருக்கும் வித்தை அவனுக்குத் தெரிந்திருந்தது. நண்பர்கள் தலையாட்டினார்கள். எல்லாம் வீணாகிவிட்டதோ என்று அவள் நினைத்தாள்.

"நைனா, நீ பெரிய ஆளுதான்" என்றான் ராகேஷ் நிஜமாகவே வியந்து. "எனக்கு ஒரு ஹெல்ப் பண்ணு. இதே கேம்ல அந்தப் படகுக்காரன் படகை அவுக்கவே மாட்டேங்கறான். ரெண்டு வாரமா அங்கயே மாட்டிக்கினு கீறேன். நீ அவன்கிட்ட இன்னா சொல்லித் தாண்டின?"

ஸ்ரீநாத்தின் விரல்கள் நின்றன. "படகுக்காரனா... மறந்துட்டேன் மச்சான்."

"போன வாரம்தானே தாண்டின?"

"அவனை ஏம்பா கேக்கற" என்றாள் சாமுண்டீஸ்வரி, மூன்றாவது தட்டை வைத்தபடி. "அதெல்லாம் இவளைக் கேளு. பொங்கல்லேருந்து ராப்பகலா அந்தப் பொட்டியக் கட்டிக்கினு அழறா. எனக்கு ஒரு சீரியல் பார்க்க வழியில்ல."



ராகேஷ் மைதிலியைப் பார்த்தான். "கார் கேம்?"

"நான்தான்."

"பேய் பங்களா?"

"அதுவும்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "படகுக்காரன்கிட்ட ஆறுதலா எதுவும் சொல்லக் கூடாது. உன் பொண்ணு உயிரோட இல்லன்னு நேராச் சொல்லணும். அப்பதான் அவுப்பான்."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். "இன்னா மாமே, தங்கச்சிய வெச்சு கம்பெனி நடத்தற?" என்று ராகேஷ் ஸ்ரீநாத்தின் முதுகில் தட்டினான். திங்கட்கிழமைக்குள் இது ஆபீஸ் முழுக்கப் போய்விடும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்ரீநாத்தும் சிரித்தான். அவன் காது மடல்கள் மட்டும் சிவந்திருந்தன. மைதிலி அந்தச் சிவப்பை ஆற அமரப் பார்த்தாள்.

நண்பர்கள் போனபிறகும் அவன் கிளம்பவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஏன் மைதி இப்படிப் பண்ண?"

"உனக்குத் தெரியாதா?"

அவன் டிவி பக்கம் திரும்பினான். திரையில் கொல்லன் மகள் மறுபடி எழுந்து, காய் நறுக்கும் கத்தியோடு நின்றாள்.

"திரும்பி சந்தைக்குப் போகவே முடியாதா?"

"பாலம் இல்ல."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. முதல்லேருந்து ஆடணும்."

"நீ கொஞ்சம் நடு வரைக்கும்..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

புது ஆட்டத்தை அவனே தொடங்கினான். கொல்லன் மகள் எரிந்துபோன ஊரில் கண் விழித்தாள். ஸ்ரீநாத் அவளை நேராகக் கோயிலின் பெரிய கதவுக்கு ஓட்டிக்கொண்டு போய், முட்டினான். மறுபடி முட்டினான். அந்தக் கதவு திறக்காது, வழி பின்னாலிருக்கும் கிணற்றுக்குள் இருக்கிறது. மைதிலி மிச்சமிருந்த பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சாவி எதுனா வேணுமா இதுக்கு?" என்றான் திரும்பாமலே.

"தேடிப் பாரு" என்றாள்.