எத்திராஜின் வேன் சாவி

எங்கள் நீலசந்திரா சந்தில் குடிகாரன் வீட்டுக் கதவுகூடத் திறந்துதான் கிடக்கும். பூட்டிய கதவுக்குப் பின்னால் இரண்டு வருடம் கிடந்தவன் எத்திராஜ் ஒருவன்தான். எதிர் வீட்டில் பிளவுஸ் தைப்பவள் நான். என் மிஷின் அவன் ஜன்னலைப் பார்த்தபடிதான் இருக்கிறது.

அதற்கு முன்னால் அவனை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டினான். டூட்டி முடிந்ததும் வேன் சந்து முனையில் நிற்கும், சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். மச்சினி கல்யாணத்துக்குக்கூட அதைச் சொந்த வேலைக்கு எடுக்கவில்லை மகராசன். "உன் வீட்டுக்காரன் அந்த வேனையே கட்டிக்கிட்டிருக்கலாம்டி" என்று அவன் மனைவி உஷாவைக் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

தொண்ணூற்றாறில், தசரா லீவுக்குக் கோலார் பக்கம் அத்தை வீட்டுக்குப் போய் வந்த மகள் இளவேனிலுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயது. அங்கே வீட்டைச் சுற்றி நெல்வயல், பின்னால் பன்றிக் கொட்டகை, பொழுது சாய்ந்தால் கொசு. அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? தலைவலி என்று அழுதாள், வாந்தி எடுத்தாள், வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்தைக் குனிய முடியவில்லை. கடை மாத்திரையில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "தல வலிக்குதுப்பா, வேன்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா" என்றாள்.

"கம்பெனி வண்டி கண்ணு, கேக்காம எடுக்கக் கூடாது. இரு, ஆட்டோ புடிச்சிட்டு வரேன்" என்றான் எத்திராஜ்.

அவன் செருப்பு மாட்டுவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. கை கால் வெட்டி இழுத்தது, கண் மேலே சொருகியது. வலிப்புக்குக் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் ஜனங்களின் வைத்தியம். "இரும்பு, இரும்பு" என்று சந்தே கத்தியது. எத்திராஜ் பையிலிருந்த வேன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டான்.

இழுப்பு நின்றது. எல்லாருக்கும் நிம்மதி. குழந்தை அசந்து தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்றார்கள். அது தூக்கமே இல்லை. மதியம் மறுபடி இழுத்தது, நிற்கவில்லை. அப்போதும் சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வேன் சந்து முனையில் சும்மா நின்றது.

"மூளைக்காய்ச்சல். கொசு கடிச்சு வர்ற வைரஸ்" என்றார் டாக்டர். அதைக் கொல்ல மருந்து கிடையாதாம். வலிப்பை அடக்கி, மூளை வீக்கத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதானாம். சில குழந்தைகள் போய்விடும், பிழைப்பதில் பாதிக்கு ஏதாவது குறை தங்கிவிடும் என்றார்.

"காலையிலேயே வந்திருந்தா நல்லாயிருப்பாளா சார்?" என்று கேட்டான் எத்திராஜ்.

"சொல்ல முடியாதுப்பா."

பாழாய்ப்போன அந்தப் பதில்தான் எத்திராஜைத் தின்றது. ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பான். இல்லை என்றிருந்தால் தூங்கியாவது இருப்பான்.

இளவேனில் பிழைத்து வந்தாள். ஆனால் பேச்சு போய்விட்டது. வலது கை மடங்கிக்கொண்டது, ஒரு காலை இழுத்து நடந்தாள். திடீரென்று சிரிப்பாள், திடீரென்று கடிப்பாள். ஒருநாள் வெளியே நழுவி, பெரிய ரோட்டில் பஸ்ஸுக்கு எதிரே போய் நின்றாள். அன்றிலிருந்து கதவுக்கு உள்பூட்டு. உஷா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனாள், எத்திராஜ் வேலையை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தான்.

"மூச்சு முட்டுது ருக்மிணியக்கா" என்பான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "பெத்த பொண்ணு மேலயே கோவம் வருது. நான்லாம் மனுஷனா?"

"மனுஷன்தான் தம்பி, அதான் வருது. இந்தா, டீயக் குடி" என்று கம்பி வழியாக டம்ளரை நீட்டுவேன். வேறு என்ன செய்ய?

ஆஸ்டின் டவுனில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பகல் பள்ளி இருந்தது. வேண்டியதைக் கையால் காட்டத் தெரிந்தால் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். "பொண்ணு ஸ்கூலுக்குப் போனா வேன் உனக்குத்தான்டா" என்றார் பழைய சூப்பர்வைசர் டொமினிக். அவன் வெளியே வர இருந்தது அந்த ஒரு வழிதான். தினமும் டம்ளரை வைத்து, "தண்ணி வேணும்னா தொடும்மா" என்று கெஞ்சுவான். அவள் தட்டிவிடுவாள்.

பள்ளியிலிருந்து வீணா டீச்சர் பார்க்க வந்த அன்று, டொமினிக்கும் ஆசையாக வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நானும் போய் நின்றேன். டம்ளர், பந்து, பிஸ்கட், எதையும் இளவேனில் தொடவில்லை.

"ஸ்வல்ப டைம் கொடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு எழுந்தாள் டீச்சர். எத்திராஜின் முகம் செத்துப்போயிற்று. டொமினிக் வேன் சாவியை ஸ்டூலில் வைத்துவிட்டு, குழந்தை தொடாத தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

இளவேனில் எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு வந்து, இடது கையால் சாவியை எடுத்தாள். அப்பாவின் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். அவன் சட்டையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள்.

"காட்டறாளே! வெளிய போகணும்னு கரெக்டா காட்டறா!" வீணா டீச்சர் கைதட்டினாள். "திங்கக்கெழமலேருந்து அனுப்புங்க."

டொமினிக் சிரித்தார். எத்திராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அன்னிக்குக் கேட்டதையே இன்னும் கேட்டுக்கினு இருக்கா அக்கா."

சாவியை அப்போதே டொமினிக்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை பூட்டு திறந்தது. மகளைப் பஸ்ஸில் கூட்டிப் போய்ப் பள்ளியில் விட்டான். ஆனால் திரும்பி வருவதில்லை. சாயங்காலம் பள்ளி விடுகிறவரை கேட்டுக்கு வெளியே நிற்கிறான். வேலை தேடிப் போயேன்டா என்று திட்டினால், "அவ கூப்பிட்டா நான் இருக்கணும் இல்லக்கா" என்கிறான்.