காகிதத் தங்கம் வாங்கிய பொருளாளர்

தேவராஜ் அண்ணன் காலமான செய்தி எங்கள் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில்தான் எனக்கு வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் போட்டிருந்த இரண்டு வரிக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கொஞ்ச நேரத்தில் தலைவர் கிருபாகரன், “சங்கத்துக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு” என்று எழுதினார். அடுத்து, தினமும் போடுகிற வழக்கப்படி, அன்றைய பவுன் விலையையும் போட்டார். விலை முந்தைய நாளைவிட ஏறியிருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு மர்பி டவுனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

நான் இதை எழுதும் சங்கத்தின் ஆண்டு மலர் வெளியார் கைக்கும் போகும் என்பதால் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நாங்கள். இந்து, கிறிஸ்தவர், பௌத்தர் என்று எல்லாரும் இருக்கிறோம். மாதச் சந்தா கட்டுவோம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல், வண்டி, சாப்பாடு எல்லாச் செலவையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். சாவு வீட்டுக்காரர் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்பதுதான் சங்கத்தின் ஒரே கொள்கை. அறக்கட்டளையாகப் பதிவு செய்து ஒழுங்காக நடந்துகொண்டிருந்த சங்கம் இது.

தேவராஜ் அண்ணன் ஆடுகோடியில் ஸ்பிரிங் செய்யும் ஒரு பட்டறையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் சுரங்கத் தொழிலாளிகள். இளம் வயதில் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனார். பிறகு மல்லிகா அண்ணியைக் கட்டிக்கொண்டு மர்பி டவுனில் குடியேறினார். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். மைக்கை நீட்டினால் ஓர் அடி பின்னால் போவார். அப்படிப்பட்டவரைப் பொருளாளர் ஆக்கினோம், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல.

அதுவரை சங்கத்தின் பணம் முழுவதும் ஒரே வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடந்தது. அவர் வந்ததும் அதை மூன்றாகப் பிரிக்கலாம் என்றார். ஒரு பங்கு அவசரத்துக்கு வங்கியிலேயே இருக்கட்டும். ஒரு பங்கு அரசுக் கடன் பத்திரம். ஒரு பங்கு அரசின் தங்கப் பத்திரம். பொதுக்குழுவில் எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“தங்கம்னா கழுத்துல இருக்கணும், இல்ல பீரோவுல இருக்கணும். இது என்னய்யா, காயிதத் தங்கம்?” என்றார் கிருபாகரன். மனை வாங்கி விற்பது அவர் தொழில்.

முனியம்மா பெரியம்மா எழுந்தார். சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். “எங்க ஊட்டுக்காரரு அத்தினி வருசம் தங்கம் தோண்டினாரு. வெளிய வரும்போது சுரங்க கேட்டுல நிக்க வெச்சு வாயத் தொறக்கச் சொல்லுவானுங்க, துணிய ஒதறச் சொல்லுவானுங்க. அப்பவும் ஒரு பொட்டுத் தங்கத்த கையில தரல. இப்போ நீயும் கையில தராத தங்கத்ததான் வாங்கியாரப் போறியா, தேவராஜி?”

எங்கள் சனங்களின் மனசில் இருந்ததை அந்த அம்மாள் சொல்லிவிட்டார். தங்கத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டோம். பரம்பரையாக எங்களுக்கு ஏற்பட்ட வியாதி இது.

அண்ணன் எழுந்து நின்று பதில் சொன்னார். “கையில இருக்கறதத்தான் பெரியம்மா ஒருத்தன் எடுத்துக்கினு போக முடியும். இது சங்கத்துப் பேர்ல கவர்மெண்டு கணக்குல இருக்கும். என் கையில கூட வராது. அதுக்கோசரம்தான் வாங்கலாம்னு சொல்றேன்.” பிறகு இன்னொன்றும் சொன்னார். “எங்கப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஷிப்டுல எறங்க மாட்டாங்க. ஒருத்தர் கீழ இருந்தா ஒருத்தர் மேல இருக்கணும். பாறை சரிஞ்சா ஊட்டுக்கு ஒருத்தராவது மிஞ்சணும்னு எங்க ஆயா போட்ட சட்டம். பணத்துக்கும் அதேதான். தங்கம் வில தூங்கினா கடன் பத்திரத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி வரும். விலைவாசி எகிறினா தங்கம் கூடவே ஏறும். இதுல நாம பணக்காரன் ஆவறதுக்கில்ல. மொத்தமா முழுகாம இருக்கறதுக்கு.”

சுரங்கக் கதை சொன்னதால் தீர்மானம் நிறைவேறியது. பொருளாதாரம் மட்டும் பேசியிருந்தால் நடந்திருக்காது.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் எங்கள் தெருக்களில் விழுந்த சாவுகளை எண்ண எனக்குத் தெம்பில்லை. சுடுகாட்டு வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்க, தேவராஜ் அண்ணன் முகமூடியோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நின்றார். வங்கியில் இருந்த ஒரு பங்கு முழுவதும் கரைந்தது. மற்ற இரண்டு பங்கும் அப்படியே இருந்தன. அவர் பிரித்து வைத்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எங்கள் ஆட்கள் புரிந்துகொண்டதோ தலைகீழாக. “அவசரத்துக்கு ஒதவாத பத்திரம் என்னாத்துக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேள்விக்குக் கொம்பு சீவிவிட்டவர் கிருபாகரன். ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு லேஅவுட் வருகிறது, சங்கத்தின் பணம் முழுவதையும் அங்கே மனையாகப் போட்டால் சில வருடத்தில் எங்கேயோ போய்விடுவோம் என்றார். மண் கண்ணுக்குத் தெரியும், காலால் மிதிக்கலாம், நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் கைதட்டியது.

தேவராஜ் அண்ணன் மனை வேண்டாம் என்று சொல்லவில்லை. “இருக்கறதுல மூணுல ஒரு பங்க போடுங்க. நானே கையெழுத்துப் போடறேன். எல்லாத்தையும் ஒடைக்காதீங்க” என்றுதான் கெஞ்சினார். யாரும் காதில் வாங்கவில்லை. தீர்மானம் போட்டு, அவரையே வங்கிக்கு அனுப்பினார்கள். செயலாளர் என்பதால் நானும் போனேன். தங்கப் பத்திரத்தின் முதல் ஐந்து வருடம் முடிந்திருந்ததால் அடுத்த வட்டித் தேதியில் திருப்பிக் கொடுக்க வழி இருந்தது. கவுன்டரில் இருந்த கன்னடப் பெண், “யாக்கே சார்? இன்னும் கொஞ்ச வருஷம் வெச்சா முழுசா முடியுமே?” என்று கேட்டாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “மீட்டிங்கல்லி டிசைட் மாடித்தாரே, மேடம்” என்றார், கூட்டத்தில் முடிவாகிவிட்டது என்று. பிறகு கையெழுத்துப் போட்டார்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் இந்த மலரில் போடக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

தங்கப் பத்திரத்தில் லாபம் வந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடன் பத்திரத்தை விற்றபோது போட்டதைவிடக் குறைவாக வந்தது. நாட்டில் வட்டி விகிதம் ஏறியிருந்த நேரம் அது. புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழைய பத்திரத்தை முழு விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? காலம் முடியும்வரை வைத்திருந்தால் அரசு முழுத் தொகையையும் தரும். நடுவில் விற்றால் அன்றைய விலைதான். வாங்கிய நாளிலேயே அண்ணன் இதைக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். அன்று தலையாட்டியவர்கள்தான் கணக்கு கேட்க வந்தார்கள்.

“கவர்மெண்டு பத்திரத்துல போட்ட பணம் எப்டி கொறையும்? நடுவுல யாரோ கமிஷன் அடிச்சிருக்காங்க” என்றார் கிருபாகரன், மைக்கில். பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முப்பது நாற்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. நான் எழுந்து கத்தினேன். என் முன்னால் மைக் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அண்ணன் எழுந்தார். வங்கி கொடுத்த தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதை ஒருவரும் புரட்டக்கூட இல்லை. அவரைத் தேடிக்கொண்டு அல்சூர் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். “விடு ஸ்டெல்லா. வெவரம் புரிஞ்சா அவங்களே வந்து சொல்லுவாங்க” என்றார். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் நிஜமாகவே காத்திருந்தார். நான் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், “யாராச்சும் எதனா சொன்னாங்களா?” என்று கேட்பார். கொஞ்ச நாளில் அதையும் கேட்பதை விட்டுவிட்டார். பட்டறையில் அவரைப் போல ஒரு கணக்காளர் கிடையாது என்று முதலாளி சொல்வார். மர்பி டவுனில் அவர் தெருவில் நடந்தால் பேச்சு நின்றுவிடும்.

லேஅவுட்டின் கதை ஊருக்கே தெரியும். நிலம் வழக்கில் மாட்டியது. மனைக்கு உரிமையாளர் பேரைச் சொத்துக் கணக்கில் ஏற்றும் காத்தாவும் இல்லை, பத்திரப்பதிவும் இல்லை. போன வருடத்திலிருந்து சாவு வீட்டுக்குச் சங்கம் ஒரு மாலை மட்டும்தான் கொண்டுபோகிறது. தங்கமோ கிருபாகரன் தினமும் போடுகிற விலைப்படி எங்கேயோ போய்விட்டது. உடைக்காமல் விட்டிருந்தால் இந்நேரம் சங்கத்திடம் எவ்வளவு இருந்திருக்கும்! இவ்வளவு நடந்த பிறகும் கிருபாகரன்தான் தலைவர்.

அன்று நான் போனபோது அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுவரில் புத்தர் படத்தின் கீழே மெழுகுவர்த்தி எரிந்தது. பந்தல், வண்டி எல்லாவற்றுக்கும் வீட்டுப் பணத்திலேயே ஏற்பாடு ஆகியிருந்தது. பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் கிருபாகரன் முன்னால் வந்தார். அண்ணனின் நேர்மையைப் பற்றியும், தொலைநோக்கைப் பற்றியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். எங்கள் வழக்கப்படி முதல் தோளைச் சங்கத் தலைவர்தான் கொடுக்க வேண்டும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“இருங்க” என்றார் மல்லிகா அண்ணி.

அழுது ஓய்ந்த குரல். “கமிஷன் அடிச்சாருன்னு மைக்குல சொன்னீங்களே. அது தப்புன்னு இங்க, இத்தினி பேர் முன்னால சொல்லிட்டு அப்பறம் தூக்குங்க.”

கிருபாகரன் நிமிர்ந்தார். “இப்ப எதுக்குமா அதெல்லாம்? சாவு ஊட்டுல...”

“இப்ப இல்லன்னா அவரு எப்ப கேப்பாரு?”

அண்ணி காத்திருந்தார், நாங்கள் காத்திருந்தோம். ஒரே ஒரு வார்த்தை. கிருபாகரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவர் பின்னாலேயே செயற்குழுவில் பாதி போனது. ஆடுகோடிப் பட்டறை ஆட்கள் நான்கு பேர் முன்னால் வந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் சொல்லாததை நான் இங்கே சொல்கிறேன். சங்கத்தின் செயலாளர் என்ற பொறுப்பில், வங்கித் தாள்கள் அனைத்தையும் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்: பொருளாளர் தேவராஜ் அவர்கள் சங்கத்தின் பணத்தில் ஒரு ரூபாய் கூட எடுத்தவரில்லை. இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் மலரில் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்.

சொல்லிவிட்டேன் அண்ணா. நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்கள் காதில் விழும்படி ஒருவரும் சொல்லவில்லை. போய் வாருங்கள்.