அம்மப்பா கொண்டுவந்த சீனிப் பொம்மை

என் ஊர் என்று நான் சொல்வது இத்தாலியின் பலெர்மோவைத்தான். மூன்று வயதில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார். அப்பாவிடம் பெர்மெஸ்ஸோ இருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் அந்தத் தங்கும் அனுமதி இல்லை. எனக்கு எட்டு வயதானபோது அம்மாவை நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். என்னைச் சொல்லவில்லை. சிறுபிள்ளைகளை வெளியேற்ற அந்த நாட்டுச் சட்டம் விடாதாம். அப்படியென்றால் எனக்கு யார் தலை பின்னிவிடுவது என்று யாருமே சொல்லவில்லை.

வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். சின்ன வயதில் கொண்டுவரப்பட்டு இங்கேயே வளர்ந்த பிள்ளை தாய் இல்லாமல் நொறுங்கிப்போகும் என்று சிறுவர் நீதிமன்றம் நம்பினால், தாயை இருக்க விடுவார்களாம். ஆக, அம்மா இருப்பதும் போவதும் என் வாயில் இருந்தது. வீட்டில் யாருக்கும் அந்த வாயில் பெரிய நம்பிக்கை கிடையாது.

பள்ளிக்கூடம், ஆசிரியை, சிநேகிதிகள் என்று எல்லாவற்றையும் தேவாரம் போலப் பாடமாக்கவைத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் நாள் காலை அம்மா என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பஸ்ஸில் அப்பா அதை அழித்தார். இறங்கியதும் அம்மா மறுபடி பூசினார்.

“நல்ல காரியத்துக்குப் போறம். சாவு, செத்தவீடு எண்டு ஒண்டும் கதைக்கக் கூடாது. விளங்கிச்சோ?”

“ஓம்” என்றேன்.

அப்படியொரு கட்டடத்துக்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. பளிங்குப் படியில் என் சப்பாத்துச் சத்தம் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. சாமிக்கே நாங்கள் வாடகை மண்டபத்தில்தான் பூசை செய்தோம். இங்கே காகிதக் கட்டுகளுக்கு இவ்வளவு பெரிய வீடா என்று வாய் பிளந்து நடந்தேன்.

நீதிபதி கிரீடம் வைத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் பாடமாக்கிய எதையும் அவர் கேட்கவில்லை. அது நவம்பர் மாதம். அந்த மாதம் பிறந்ததும் குடும்பத்தில் இறந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு ஒளித்துவைத்துவிட்டுப் போவார்கள் என்பது பலெர்மோ வழக்கம். ஊரில் எல்லாரும் பிள்ளைகளிடம் கேட்பதையே அவரும் கேட்டார்.

“செத்தவர்கள் உனக்கு என்ன கொண்டுவந்தார்கள்?”

அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தார். பேசாவிட்டால் அம்மா போய்விடுவார், பேசினால் அம்மா அடிப்பார். அடி பரவாயில்லை என்று தோன்றியது. பலெர்மோ இழுவையோடு இத்தாலியனில் சொன்னேன்.

“சீனிப் பொம்மை. குதிரை வீரன். என் அம்மப்பா கொண்டுவந்தார், யாழ்ப்பாணத்திலிருந்து.”

“அவ்வளவு தூரத்திலிருந்து உன் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்?”

இது தெரியாமலா நீதிபதியானார் என்று எனக்கு ஆச்சரியம். “அவர் பார்த்தபோது நான் சின்னக் குழந்தை, இப்போது என்னை அடையாளம் தெரியாது. அம்மாவைத்தான் தெரியும். அம்மா இருக்கிற வீட்டுக்குத்தான் வருவார். அம்மா இல்லாவிட்டால் வரமாட்டார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு பெரிய அறை நான் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்தது எனக்கு நம்பமுடியாத பெருமையாக இருந்தது.

வெளியே படியில் அம்மா அழுதார். “இனிச் செத்த ஆக்களைப் பற்றிக் கதைக்க மாட்டன் அம்மா” என்றேன்.

“கதை பிள்ளை, நல்லாக் கதை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா இருக்கலாம் என்று பிறகு தீர்ப்பு வந்தது. நான் அம்மப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னேன். அந்தப் பொம்மையைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மப்பாவின் செத்தவீட்டுக்கு அம்மா ஏன் போகவில்லை என்பதும் தெரியாது. போயிருந்தால் என்னிடம் திரும்பி வர அவரை விட்டிருக்கமாட்டார்கள்.