மாமியார் போட்ட ஷிப்ட்

என் மாமியாரைப் போல ஒரு பொம்பிளையை நான் பார்த்ததே இல்லை. இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன காலமும் உண்டு. இப்போது அப்படிச் சொல்லவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பவர்லூம்தான் பிழைப்பு. தறிக்கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் படுத்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து தறியில் நின்றுவிடுவார். புருஷனுக்குப் பதில் பெண்டாட்டி, அக்காவுக்குப் பதில் தங்கை. முதலாளியும் ஒன்றும் கேட்கமாட்டார், துணி இறங்கினால் சரி. நூல் விலை ஏறித் தறிகள் ஒவ்வொன்றாக நின்றபோது, நான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். விடிகாலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கழுத்தில் என் போட்டோ போட்ட கார்டு. அந்தக் கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடக்கும்போது எனக்கு ஒரு திமிர் வரும் பாருங்கள், அப்பப்பா! கூடிய சீக்கிரம் பர்மனென்ட் ஆகிவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் நாள் தள்ளிப்போனது.

கம்பெனியில் நான் சொல்லவில்லை. பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பஸ்ஸில் பேச்சு. மாமியாரும், "வாயத் தொறக்காத, பர்மனென்ட் ஆவட்டும்" என்றார். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, ஒரு சீட்டும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். லாரி ஓட்டப் போயிருந்த என் புருஷன் போனில் "சரி, உடம்பப் பாத்துக்கோ" என்றதோடு சரி. மாமியார் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார், கால் அமுக்கிவிட்டார், அதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் குறைந்தா போய்விடுவார் இந்த அம்மாள்?

மறுநாள் காய்ச்சலில் அடித்துப் போட்டமாதிரி தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மாமியாரையும் காணோம், ஆணியில் தொங்கிய கார்டையும் காணோம்.

நடந்ததைப் பஸ்ஸில் வந்த பெண்கள் பிறகு சொன்னார்கள். என் யூனிபாரத்தைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு ஏறி, "மருமவளுக்கு முடியல, நான் வந்துகிறேன், தள்ளிக் குந்துங்கடி" என்றாராம். எல்லோரும் தறிக்கொட்டகையில் வளர்ந்தவர்கள், ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தி தொப்பியைச் சரியாக மாட்டிவிட்டாள். இன்னொருத்தி ஒயரில் டேப் சுற்றும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மதியம்வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் சூப்பர்வைசர் வந்து கார்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார். மாமியார் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம்.

"அந்த போட்டோல இருக்கறது எம்மருமவ நைனா. அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் நான் வந்துகிறேன். வேலயில இன்னா குறைன்னு சொல்லு, திருத்திக்கிறேன்."

ஒளித்து மறைத்துப் போயிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். இந்த மகராசி பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்!

அன்றைக்கே என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். ஆள்மாறாட்டம் என்று குற்றச்சாட்டு வந்தது. கம்பெனிக்குள்ளேயே ஒரு விசாரணை. அதை நடத்த சித்தூரிலிருந்து ஒரு வக்கீலை வைத்திருந்தார்கள். நல்ல மனுஷர்தான், அதட்டவில்லை. "உனக்குத் தெரியாம உன் கார்டை எடுத்துக்கினு போனாங்கன்னா உன்மேல தப்பே இல்லம்மா. உன் வேலை உனக்கு. போலீஸ் கம்ப்ளெய்ன்ட் அவங்கமேல மட்டும் போகும்" என்று விளக்கினார்.

"எனக்குத் தெரியாது சார். தூங்கிக்கினு இருந்தேன்" என்றேன். உண்மை அதுதானே. அவர் எழுத ஆரம்பித்தார். சாட்சி சொல்ல வந்திருந்த மாமியார் கதவோரம் நின்றபடி, அப்படித்தான், அப்படித்தான் என்று எனக்குத் தலையாட்டினார். போலீஸ் என்ற வார்த்தை காதில் விழுந்தும் முகம் மலர்ந்திருந்தது. என் வேலை பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்ததும், வக்கீல் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின்மேல் கையை வைத்தேன்.

"சார், முழிச்சிக்கினு இருந்திருந்தா நானே அனுப்பியிருப்பேன். இதையும் எழுதிக்கங்க."

வேலை போயிற்று. வீடு வந்து சேரும்வரை மாமியார் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "பைத்தியம் புடிச்சிக்கிச்சாடி ஒனக்கு? நான் ஜெயில்ல ரெண்டு நாள் குந்திக்கினு வந்தா தேஞ்சா பூடுவேன்? அங்கயும் சோறு போடறான், துன்னுட்டு வந்திருப்பேன்!" பஸ் புத்தூர் தாண்டும்போது திட்டுவதை நிறுத்திவிட்டு, வெயில் படுகிறது என்று என் தலையில் முந்தானையைப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் மறுபடி திட்டினார்.

பஸ்காரப் பெண்கள்தான், விடாதே, லேபர் ஆபீசுக்குப் போ என்றார்கள். நானும் மாமியாரும் திருப்பதிக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். ஒருநாள் கம்பெனி மேனேஜரையும் எங்களையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு அம்மா. தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"அன்னிக்கி வேலைக்கி ஏம்மா போகல? ஏமாயிந்தி, என்ன ஆச்சு?"

"காய்ச்சல் மேடம்" என்றேன். ஆண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது?

"காய்ச்சல் மட்டும் இல்ல மேடம்" என்று பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. "வயித்துல மூணு மாசம். கலைஞ்சு பூட்ச்சி."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். மேனேஜர் மேஜையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டார்.

"இதுக்கு லீவு உண்டே! சட்டத்துலயே இருக்கு, சம்பளத்தோட. ஆஸ்பத்திரி சீட்டு குடுத்தா போதும். அந்த லீவுல இருக்கறவங்கள வேலைய விட்டு எடுக்கக் கூடாது."

"எங்ககிட்ட இவங்க சொல்லவே இல்லியே மேடம்" என்றார் மேனேஜர்.

"இப்டி ஒரு லீவு இருக்குன்னு நீங்க இவங்களுக்குச் சொன்னீங்களா?"

மேனேஜர் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். வேலையில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், கார்டு விஷயத்துக்கு ஒரு எச்சரிக்கை மட்டும், போலீஸ் வேண்டாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அதிகாரியைக் கும்பிடக் கையைத் தூக்கினேன். மாமியார் அது எதையும் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பொறக்காமப் போனதுக்கா மேடம் லீவு?"

"ஆமாம்மா."

"கவர்மெண்டு அதையும் பிள்ளன்னு சேத்துக்குதா?"

அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, சேத்துக்குது" என்றார்.

"எங்க வூட்ல நாங்களே அப்டி சொல்லலியே மேடம்."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "எங்கண்ணே, எந்தங்கமே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். மேனேஜர் எழுந்து வெளியே போனார். அதிகாரி ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, அடுத்த கேஸ்காரர்களைக் கொஞ்ச நேரம் வெளியிலேயே இருக்கச் சொன்னார்.